ஏட்டய்யாவின் குறைந்த மார்க்

எங்கள் குடும்பத்தில் மார்க் குறைந்ததற்காக ஸ்வீட் வாங்கிய முதல் ஆள் என் அப்பா சிவபாண்டி. என் செமஸ்டர் மார்க்குக்கு இந்த மரியாதை ஒருநாளும் கிடைத்ததில்லை.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து ராஜபாளையம் திரும்பும் வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தெருவுக்கே காணும்படி பால்கோவா வாங்கினார். புராஸ்டேட் புற்றுநோய்க்காரர்களுக்கு எடுக்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையில் அவருடைய எண் தரைக்கு வந்திருந்தது. அதே நோயுள்ள எதிர்வீட்டுத் தங்கச்சாமிக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. போலீஸ் ஏட்டய்யாவாக ரிட்டயரான அப்பாவுக்கு அதிலும் கொஞ்சம் திருப்தி.

"திங்கக்கெழம கீமோ எதுக்குலே? அதான் எறங்கிருச்சே. வேண்டாம்னு போன் போட்டுரு."

ஆஸ்பத்திரியில் அவர் மருந்துக்கடை வரிசையில் நின்றபோது டாக்டர் என்னிடம் பேசியிருந்தார். இது அபூர்வமான சிறுசெல் வகை. பிஎஸ்ஏவில் காட்டிக்கொள்ளாது. எண் இறங்க இறங்க, நோய் ஈரலுக்குப் போய்விட்டது. வழக்கமான ஹார்மோன் ஊசிக்கு அடங்காது. கீமோ போட்டால் சுருங்கும், பிறகு திரும்பிவிடும். போட்டால் ஒரு வருஷம் போல. போடாவிட்டால் சில மாதம்.

பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"அப்பா, ஒரு ஸ்டேஷன்ல கேஸே பதிவாகலைன்னா, ஊர்ல திருட்டே இல்லைன்னு அர்த்தமா?"

"எந்தக் கிறுக்கன் சொன்னான்? பதியாம விட்டுட்டானுகன்னு அர்த்தம்." சிரித்தார். "பொறவு?"

நான் எப்போதும் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் ஜோக் சொல்வேன். மிச்ச ஜோக்குக்காகக் காத்திருந்தார். மிச்சமாக, டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

ராஜபாளையம் பஸ் ஒன்று வந்து, ஆள் ஏற்றிக்கொண்டு போயிற்று. அப்பா பால்கோவாப் பெட்டியின் சணலை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினார்.

"ஒங்க அம்மாவுக்கு?"

"தெரியாதுப்பா."

"திங்கக்கெழம காலையில வெள்ளனமே கெளம்பணும்," என்றார்.

வீட்டு வாசலில் தங்கச்சாமி காத்திருந்தார். "எம்புட்டு ஏட்டய்யா?"

அப்பா எண்ணைச் சொல்லி, கையில் பால்கோவா வைத்தார்.

"குடுத்துவச்சவுக நீங்க. எனக்கு ஏறிக்கிட்டேல்ல போவுது."

"ஏறுனா நல்லதுய்யா. எங்க நிக்குதுன்னாவது தெரியும்."

தங்கச்சாமி அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டு போனார்.

அம்மா மாரீஸ்வரி கொஞ்சம் பால்கோவாவைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள். "அப்ப திங்கக்கெழம மதுரைக்குப் போவேண்டாம்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது ஜோக் சொல்லிச் சமாளிப்பேன் என்று.

வாயில் பால்கோவா இருப்பதுபோல் மென்றுகொண்டிருந்தேன்.