பாதி ஈரம்

என் கணவர் குவாக் தோக்சூ முப்பது வருடம் சலவை இயந்திரங்களைப் பழுதுபார்த்தவர். பழுதாகாமல் ஓடும் எதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அவர் போய் இது மூன்றாவது வசந்தம். அவரைப் பற்றி அழாமல் சொல்ல முடிகிற கதை ஒன்று இருக்கிறது. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

தென் கொரியாவின் இக்சான் நகரில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் சாப்பாட்டுக் கழிவுக்கு எல்லா வீட்டுக்கும் அதுவரை ஒரே கட்டணம். அதனால் யாரும் எதையும் யோசித்ததில்லை. 702ஆம் வீட்டு நம்சூக் ஒருமுறை முழுத் தர்பூசணியைத் தூக்கிப் போட்டாள். அந்தச் செலவை நாற்பத்தெட்டு வீடும் பகிர்ந்துகொண்டோம். பிறகு வாசலில் எடை போடும் தொட்டி வந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்த அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும். கொட்டினால் எடை காட்டும். எடைக்கு ஏற்ற கட்டணம். மறுவாரமே நம்சூக் தர்பூசணித் தோலைத் துணி கிளிப் போட்டுக் கொடியில் காயவைத்திருந்தாள்.

இவருக்கு அங்கேதான் பொறி தட்டியது.

"கழிவுல முக்கால்வாசி தண்ணிதாம்மா. நாம தண்ணிக்கு எடை போட்டுக் காசு கட்டிக்கிட்டிருக்கோம்."

பழைய சலவை இயந்திரத்தின் உலர்த்தும் உருளையையும், என் கூந்தல் உலர்த்தியின் சூட்டுக் கம்பியையும் வைத்து ஓர் இயந்திரம் செய்தார். முதல் நாள் அது குதித்துக் குதித்துச் சமையலறையிலிருந்து வாசற்கதவு வரை வந்துவிட்டது.

"எங்க கிளம்பிடுச்சு, ஊருக்கா?" என்றேன்.

"கால் சரியில்ல. உன் வாயும்தான்" என்று சொல்லி அடியில் ரப்பர் ஒட்டினார்.

இரண்டு மாதத்தில், கானாங்கெளுத்தி மீன் தலையைப் போட்டால் காப்பித் தூள்போல ஒன்று வெளியே வந்தது.

அப்போது வார்டு அலுவலகம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. கழிவின் எடையை முப்பது சதவீதம் குறைக்கும் கருவிக்கு அங்கீகாரச் சான்று. அதை வாங்கும் வீடுகளுக்குப் பாதி விலையை வார்டே கொடுக்கும். இவர் அதன் முன்னால் நின்று மூன்று முறை படித்தார்.

"அடுத்தவன் செஞ்ச மெஷினையே ஆயுசு முழுக்கத் தொடச்சேன். ஒரு மெஷினுக்காவது நான் அப்பன்னு ஒரு காகிதம் சொல்லட்டும்."

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தேன்.

சோதிக்க வந்தவர் யோம் என்ற இளம் அலுவலர். பத்துக் கிலோ கழிவைப் போட்டார். ஒன்றரைக் கிலோ தூள் வந்தது. இவருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. யோம் முகத்தில் மட்டும் சந்தோஷமே இல்லை.

"ஐயா, விதி என்ன? பன்னி திங்கிறது எடைத் தொட்டிக்கு, திங்காதது சாதாரணக் குப்பைப் பைக்கு."

அது எங்களுக்கு மனப்பாடம். முட்டை ஓடு, வெங்காயத் தோல் எல்லாம் பைக்குத்தான் போகும்.

"இந்தத் தூளைப் பன்னி திங்கலைன்னா இது சாப்பாட்டுக் கழிவே இல்ல. நீங்க எடையைக் குறைக்கல, குப்பையை வேற பைக்கு மாத்தியிருக்கீங்கன்னு ஆயிடும்."

"திங்காம என்ன? வாங்க, கேட்டுடலாம்!"

யோமின் சித்தப்பா பன்றி வளர்ப்பவர். மூவரும் அவருடைய பண்ணைக்கே போனோம். பன்றி மோந்தது, தின்றது, கிண்ணத்தை நக்கியது, இன்னும் இருக்கிறதா என்று இவரைப் பார்த்தது.

"பாத்தீங்களா!"

யோம் தலையில் கைவைத்துக்கொண்டார். "தப்பாப் போச்சு ஐயா. இவ்வளவு ஆசையாத் தின்னா இது தீவனம். உங்க மெஷின் தீவன ஆலை. அது கால்நடைத் துறை, உரிமம் வேணும்."

"அப்ப இது கழிவாவே இருக்கணும்னா நான் என்னதான் செய்யணும்?"

யோம் பன்றிக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார். "பாதி ஈரமா இருந்தாப் போதும். பாக்கக் கழிவு மாதிரியே இருக்கணும். மெஷின் ரொம்ப நல்லா வேலை செய்யுது ஐயா, அதுதான் பிரச்சினை."

மறுநாள் இவர், நான்கு மணி நேரம் ஓடும் இயந்திரத்தை நாற்பது நிமிடத்தில் நிறுத்த ஒரு திருகாணி வைத்தார்.

"நல்லா ஓடுறதை உக்காந்து கெடுக்கிறேன். இதுக்கு எவனும் இதுவரை என்னைக் கூப்பிட்டதில்ல."

முப்பத்தொரு சதவீதம் குறைந்தது. சான்று வந்தது, சுவரில் மாட்டினோம். ஒரு சின்னத் தொழிற்சாலை அதேபோல் செய்து கொடுக்க, எங்கள் கட்டடத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகள் வாங்கின. இரண்டாவது வாரம் நம்சூக் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, செத்த மீனை உங்க மெஷின் இன்னொரு தடவை சாகடிக்குது. வீட்டுல நிக்க முடியல."

இவர் போய்த் திருகாணியைக் கழற்றினார். "யோம்கிட்ட மூச்சு விடாத."

அவள் யோமிடம் சொல்லவில்லை. மற்ற எல்லோரிடமும் சொன்னாள்.

பனிக்காலத்தில் ஒருநாள் அழைப்பு மணி அடித்தது. யோம், பின்னால் இரண்டு ஊழியர்கள், ஓர் அரிசி மூட்டை, ஒரு பெட்டி நூடுல்ஸ். யோம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க ரெண்டு பேரும் ஒழுங்காச் சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறோமே. ஏன்?"

"உங்க கட்டடத்துல பாதி வீட்டுல ரெண்டு மாசமாத் தொட்டிக்குக் கழிவே சரியா வரல. கம்ப்யூட்டர் சிவப்புல காட்டுது. யாரோ பட்டினியாக் கெடக்கிறாங்கன்னு மேலிடத்துல பயந்துட்டாங்க."

எதிர்வீட்டில் ஏதோ வாங்க வந்திருந்த நம்சூக் எட்டிப் பார்த்தாள். "என் எடை எழுபத்தெட்டுக் கிலோதான் தம்பி. பட்டினின்னு எழுதிக்கிட்டு மூட்டையை இங்க இறக்கு."

இவர் எழுந்து போய்ச் சுவரிலிருந்த சான்றைக் கழற்றி வந்து இரு கைகளாலும் யோமிடம் நீட்டினார்.

"எல்லா வீட்டுலயும் திருகாணியை எடுத்துட்டேன். என்னால கெட்டுப்போன மெஷினைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. எடுத்துக்கிட்டுப் போங்க."

யோம் சான்றை வாங்கவில்லை. எங்கள் இயந்திரத்தைத் திறந்து உள்ளே மோந்து பார்த்தார். பிறகு ஊழியர்களை மூட்டையோடு கீழே அனுப்பிவிட்டு ("அரிசி, அரிசி" என்று நம்சூக் பின்னாலேயே போனாள்), கதவைச் சாத்தினார்.

"ஐயா, எங்கம்மாவும் ஒண்ணு வாங்கினாங்க. சமையலறைப் பக்கமே போக முடியல. வந்து அந்தத் திருகாணியை…"

அவர் சொல்லி முடிப்பதற்குள் இவர் ஒரு காலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். சான்றை என் கையில் திணித்திருந்தார். திருப்புளியை நான் தேடித் தர வேண்டியிருக்கவில்லை; அது இவர் சட்டைப் பையிலேயே இருந்தது.