சீட்டுக்கு அடியில் ஒரு ஊக்கு

"இது என்ன, ஸ்பீக்கரா, சோத்து டப்பாவா?" என்று கேட்டாள் முத்துச்செல்வி.

"சப்வூஃபர், அக்கா. டம் டம்முன்னு அடிக்குத ஸ்பீக்கர். சின்னதா இருக்குன்னு பாக்காதிய. சீட்டுக்கு அடியில ஒக்காந்துகிட்டு வண்டியவே ஆட்டிரும்" என்றான் முஃபீத். தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வண்டிகளுக்குப் பாட்டு செட் மாட்டும் கடை அவனுடையது.

"இத்தனூண்டு டப்பாவா இவியள முழிக்க வைக்கப் போவுது?"

"ஏட்டி, டப்பாவப் பாக்காத. சத்தத்தக் கேளு" என்றபடி அவள் புருஷன் இசக்கியப்பன் பிக்கப் வண்டிக்குள் கையை நீட்டிப் பாட்டைத் திருகினான்.

முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த டீ கிளாஸ் நடுங்கி நகர்ந்தது. கதவைப் பிடித்திருந்த முத்துச்செல்விக்கு அடிவயிறு வரை அதிர்ந்தது.

"போதும், அமத்துங்க. நெஞ்சு அடைக்கி."

"அதுதான் வேணும். நெஞ்சுல அடிச்சாத்தான் எனக்கு உறக்கம் வராது."

போன மாதம் புனலூருக்கு வைக்கோல் ஏற்றிப் போனபோது, மலைப்பாதையில் கோட்டைவாசல் வளைவில் அவன் ஒரு கணம் கண்ணசந்துவிட்டான். இடது கதவு தடுப்புச் சுவரில் உரசி முழ நீளத்துக்குக் கோடு விழுந்தது. சுவர் மட்டும் இல்லையென்றால் கீழே பள்ளம். வண்டியைச் சுற்றிப் போய் அந்தக் கோட்டை விரலால் தடவிக்கொண்டு நின்றாள் அவள். அதனால் பானட் பக்கம் நடந்த பேச்சு அவள் காதில் விழவில்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லிருதேன்" என்றான் முஃபீத். "பேட்டரியில இருந்து டப்பாவுக்கு நேரா ஒரு ஒயர் போகுதுல்லா, இதுல பேட்டரிக்குப் பக்கத்துல ஒரு பியூஸ் போடணும். ஒயர்ல இரும்பு ஏதும் பட்டா பியூஸ் போயிரும், வண்டி பொழைச்சிரும். அந்த சைஸ் இப்ப கையில இல்ல. நாளைக்கு சாயங்காலம் வந்திரும். அதுவரைக்கும் ஒயரக் கழட்டி வைக்கட்டா?"

"நாளைக்குக் காலையிலதாம்லே லோடு. கழட்டிட்டா மலையில நான் எதக் கேட்டு முழிச்சிருக்க?"

"பியூஸ் இல்லாம வேண்டாம் அண்ணாச்சி. பட்டுதுன்னா ஒயர் அப்படியே பழுத்து எரியும்."

"ஒரு நாளுதான? சீட்டுக்கு அடியில யாரு வந்து ஒயரக் கடிக்கப் போறா?"

முஃபீத் ஒயரை ஒருமுறை தடவிப் பார்த்தான். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று அதன்மேல் கறுப்பு வலையுறை ஒன்றைப் போர்த்தி, டிரைவர் சீட்டுக்கு அடியில் இழுத்துக் கட்டியிருந்தான். கட்டு உறுதியாகத்தான் இருந்தது.

"சரி. திரும்பி வந்ததும் வண்டி நேரா இங்கன வரணும்."

"வரும்லே."

மறுநாள் காலை குற்றாலத்தில் சாரல் பிடித்துக்கொண்டது. ஐந்தருவி போகும் ரோட்டில் முத்துச்செல்விக்குத் துண்டும் நைட்டியும் விற்கும் கடை இருந்தது, கடைக்குப் பின்னால் வீடு. வைக்கோல் ஏற்றிய வண்டி கடை வாசலில் நின்றது. இசக்கியப்பன் உள்ளே இட்லி தின்றுகொண்டிருந்தான். அவள் கையில் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்த முடிச்சு இருந்தது. கதவில் கோடு விழுந்த அன்று பண்பொழி திருமலை முருகனுக்கு முடிந்தது. ஒரு வருஷம் அவன் மலையில் பத்திரமாகப் போய்வந்தால் மலையேறி உண்டியலில் போடுவதாக வேண்டுதல். அதுவரை அவன் உட்காரும் இடத்துக்கு அடியிலேயே அது இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"நூல் போட்டுக் கட்டுனா குலுக்கல்ல அவுந்து விழுந்திரும்" என்றாள் பக்கத்துக் கடை ஜெயசித்ரா. "ஊக்கு போட்டுக் குத்துக்கா. எங்க வீட்டுக்காரவுக ஆட்டோவுல நான் அப்படித்தான் குத்தி வச்சேன். மூணு வருசமாச்சு, அசையல. அவுகதான் அசையுதாக, சாயங்காலமானா."

"சீட்டுல குத்துனா ஏசுவாகளே. புது கவருல்லா."

"அடியில ஏதாவது பெல்ட்டு, கயிறு கிடக்கும். பாரேன்."

முத்துச்செல்வி தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளில் பெரியதாக ஒன்றைக் கழற்றினாள். குனிந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். உள்ளே இருட்டு. விரலில் வலைபின்னிய தடித்த கயிறு ஒன்று தட்டுப்பட்டது. புதுசு. டப்பாவை இழுத்துக் கட்டிய கயிறாக இருக்கும்.

"அங்கன என்னட்டி தேடுத?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் இசக்கியப்பன்.

"வைக்கோல் குப்ப கெடக்கு. தூத்து விடுதேன்."

ஊக்கு லேசில் இறங்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திக் குத்தி, மறுபக்கம் முனையைத் தேடிப் பூட்டினாள். முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு எழுந்தாள்.

"போயிட்டு வாரேன். கோட்டைவாசல்ல இன்னைக்கு நிக்க நேரமில்ல, பிந்திப் போச்சு."

"கருப்பசாமிக்குக் காசு போடாமயா போவிய?"

"ஓட்டிக்கிட்டே தூக்கிப் போட்டுருதேன்."

வண்டி வளைவு திரும்பி மறைந்த பிறகும் அந்த டம் டம் சத்தம் தரையில் கேட்டது.

முக்கால் மணி நேரம் கழித்து போன் வந்தது.

"செங்கோட்டையில டீசல் போட்டுட்டு நிக்கேன். ஏட்டி, அந்த முஃபீத்துப் பயலுக்கு ஒரு போன் போடு. எனக்கு எடுக்க மாட்டுக்கான். பாட்டு வெட்டி வெட்டி வருது. பள்ளத்துல ஏறி எறங்குனா லைட்டெல்லாம் ஒரு மினுங்கு மினுங்குது."

"நின்னு பாருங்களேன்."

"நேரமில்லன்னேம்லா. ரப்பர் கருகுத மாதிரி ஒரு வாசம் வேற. எனக்கு முன்னால போன லாரியாத்தான் இருக்கும். நீ கேட்டு வையி."

முஃபீத் மூன்றாவது தடவைதான் எடுத்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் பக்கம் கடைச்சத்தம் நின்றுபோனது. ஷட்டரை இழுத்துவிட்டான் போலிருந்தது.

"அக்கா, லைட்டு மினுங்குதுன்னா சொன்னாக?"

"ஆமா."

"வாசமும் வருதா?"

"ஆமாடே. என்னது, சொல்லு."

"அந்தக் கறுப்பு வலை போட்ட ஒயர்ல இரும்பு ஏதோ படுது. வண்டி பாடி முழுக்க எர்த்துதான்க்கா. நான் பியூஸ் போடல. பட்டுக்கிட்டே இருந்துச்சுன்னா…" அவன் நிறுத்தினான். "வைக்கோலா ஏத்தியிருக்காக?"

முத்துச்செல்வியின் கை தானாகத் தாலிக்கொடிக்குப் போனது. பெரிய ஊக்கு இருந்த இடத்தில் இரண்டு சின்ன ஊக்குகள் மட்டும் கிடந்தன.

"முஃபீத்து. கறுப்பு வலையா? கயிறு மாதிரி இருக்குமா?"

"ஆமாக்கா."

"நான் அதுலதான் ஊக்கு குத்துனேன்."

அந்தப் பக்கம் பைக் சாவி குலுங்கும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சிக்குப் போன் போட்டுக்கிட்டே இருங்க. பாட்டை அமத்துனாப் பத்தாது, வண்டிய ஓரங்கட்டி இறங்கச் சொல்லுங்க. நான் பைக்க எடுத்துட்டு வாரேன்."

அவள் போட்டாள். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. அந்தப் பாட்டில் போன் சத்தம் எங்கே கேட்கப் போகிறது? ஏழாவது தடவை, தொடர்புகொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள்.

"மலை ஏறிட்டாக, டவர் இல்ல" என்றாள் ஜெயசித்ராவிடம்.

"ஒண்ணும் ஆகாதுக்கா. அது முருகன் காசு."

"பேசாத ஜெயா. நீ ஒண்ணும் பேசாத."

முஃபீத்தின் பைக்கில் பின்னால் ஏறி உட்கார்ந்தபோது செருப்பு போட்டிருக்கிறோமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. செங்கோட்டை ஆர்ச்சைத் தாண்டினார்கள். புளியரை தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது.

"லோடு வண்டிக்கா. மெதுவாத்தான் ஏறும். புடிச்சிரலாம்."

"ஏத்தம்னா சீட்ட அழுத்தி ஒக்காருவாக. அந்தச் சீட்டுதான அழுத்தும்?"

முஃபீத் பைக்கை இன்னும் முறுக்கினான்.

"சொல்லேன்டே."

"ஆமாக்கா. சீட்டுக்கு அடியில உள்ள இரும்புத் தண்டவாளம் அந்த ஊக்குல போயி உக்காரும்."

ஒவ்வொரு வளைவிலும் அவள் முதலில் பார்த்தது ரோட்டை அல்ல, மரங்களுக்கு மேலே. மேகம் தாழ்ந்து மலையில் படிந்து கிடந்தது. வெள்ளையாக எது எழுந்தாலும் புகையாகத் தெரிந்தது.

"முஃபீத்து, அது என்ன?"

"மேகம்க்கா."

"அது?"

"அதுவும் மேகந்தான்."

கோட்டைவாசலில் கருப்பசாமி கோவில் முன்னால் பைக்கை நிறுத்தினான். டீக்கடை ரத்தினம் வடைத்தட்டை பேப்பரால் மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, வைக்கோல் பிக்கப் ஒண்ணு போச்சா?"

"டம்மு டம்முன்னு போச்சே, அதுவா? பத்து நிமிசம் இருக்கும். நின்னு கும்பிடக் கூட இல்ல, காச வீசிட்டுப் போறான். காசு கோவில்ல விழல, அந்தா, ரோட்டுலல்லா கெடக்கு."

ஈரத் தாரில் ஒரு ஐந்து ரூபாய் கிடந்தது. முத்துச்செல்வி இறங்கி ஓடிப் போய் அதைப் பொறுக்கி, கோவில் படியில் வைத்துவிட்டு வந்தாள். வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை.

"ஏதும் பொகை கிகை வந்துச்சா?" என்று கேட்டான் முஃபீத்.

"பொகையா? மழையில யாருக்குத் தெரியுது. வாசம் அடிச்சுது. பிரேக்கு சுட்ட வாசம்னு நெனச்சேன்."

இறக்கத்தில் பைக் பறந்தது. அவள் முஃபீத்தின் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். இறக்கத்தில் வண்டி குலுங்கும். குலுங்கினால் படும். இறக்கமே முடியாதா என்றிருந்தது.

ஆரியங்காவு செக்போஸ்டில் பத்துப் பதினைந்து வண்டிகள் வரிசையில் நின்றன. நடுவில் வைக்கோல் குன்று தெரிந்தது. எரியவில்லை. பைக் நிற்குமுன்பே அவள் குதித்து ஓடினாள்.

இசக்கியப்பன் வண்டிக்கு வெளியே நின்று ஒரு மலையாளி டிரைவருடன் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. திறந்த கதவு வழியே பாட்டு டம் டம் என்று வந்தது. முன்வண்டி நகரவும், அவன் பேச்சை முடித்துக்கொண்டு படியில் ஒரு காலை வைத்தான்.

"ஏறாதிய" என்றாள் முத்துச்செல்வி.

அவன் திரும்பினான். "ஏட்டி, நீ எங்கன இங்கன?"

"ஒக்காராதிய. எறங்குங்க. ஒங்க கால்ல விழுதேன், அந்தச் சீட்டுல ஒக்காராதிய."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் காலை எடுத்தான். முஃபீத் அதற்குள் சீட்டில் கை ஊன்றாமல் எட்டி, இஞ்சினை நிறுத்தி, பானட் கொக்கியை இழுத்துவிட்டான். பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது. பாட்டு இன்னும் நிற்கவில்லை. ஸ்பேனர் பேட்டரி நட்டில் இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவதில் இளகியது. பாட்டு பாதியில் அறுந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கருகல் வாசம் மூவருக்கும் பலமாக அடித்தது.

முஃபீத் சீட்டைக் கழற்றி எடுத்தான். மஞ்சள் துணி ஒரு பக்கம் கறுத்து, தொட்டால் உதிரும் போலிருந்தது. ஊக்கு நீலம் பாரித்திருந்தது. வலையுறை ஒரு சாண் நீளத்துக்கு உருகித் தரைவிரிப்போடு ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் மூன்று நான்கு வைக்கோல் தாள்கள் நுனி கருகிக் கிடந்தன. தாமாக அணைந்திருந்தன.

இசக்கியப்பன் அந்தத் தாள்களையே பார்த்தான். பிறகு தலைக்குமேல் நின்ற வைக்கோலைப் பார்த்தான்.

"என்ன வேலலே பாத்து வச்சிருக்க?" என்றான் முஃபீத்திடம்.

"பியூஸ் போடாமக் குடுத்தது என் தப்புதான் அண்ணாச்சி."

"இந்த ஊக்கு எங்கருந்து வந்துச்சு?"

முஃபீத் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"அவன ஏசாதிய" என்றாள் முத்துச்செல்வி. "நான்தான் குத்துனேன். கயிறுன்னு நெனச்சேன். திருமலைக்கு முடிஞ்ச காசு. நீங்க நல்லபடியாப் போயிட்டு வரணும்னு…"

அவன் கை ஓங்குவான் என்றுதான் நினைத்தாள். அவன் ஊக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு அவள் கழுத்தைப் பார்த்தான்.

"கொடியில கெடந்ததா?"

"ஆமா."

அவன் தடுப்புக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். மழையில் நனைந்த உள்ளங்கைகளை முழங்காலில் தேய்த்துக்கொண்டே இருந்தான். பின்னால் மறுபடி ஹாரன் அடித்தார்கள்.

"பியூஸ் காலையிலயே வந்துருச்சு அண்ணாச்சி" என்றான் முஃபீத் மெல்ல. "கொண்டாந்திருக்கேன். புது ஒயர் இழுத்து…"

"வேண்டாம். அந்த டப்பாவக் கழட்டி எடுத்துட்டுப் போயிரு. பைக்குல வச்சுக்கிடலாமா?"

"சின்ன டப்பாதான."

சீட்டையும் பேட்டரி நட்டையும் திரும்ப மாட்டிவிட்டு, ஊக்கை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு முஃபீத் மலை ஏறிப் போனான். முத்துச்செல்வி அவனோடு போகவில்லை. கருகிய முடிச்சைக் கைக்குள் மூடிக்கொண்டு, கிளீனர் உட்காரும் பக்கம் ஏறி உட்கார்ந்தாள். இசக்கியப்பன் வண்டியை எடுத்தான்.

வண்டிக்குள் பாட்டு இல்லை. வைப்பர் மட்டும் கீச்சிட்டது. முதல் வளைவு முடிந்ததும் அவள் குனிந்து டிரைவர் சீட்டுக்கு அடியில் கையை விட்டாள்.

"என்னட்டி?"

"சூடு இருக்கான்னு பாக்கேன்."

"ஒயரத்தான் கழட்டியாச்சே."

"தெரியும்."

அடுத்த வளைவிலும் கையை விட்டாள்.

"ஏதாவது பேசிக்கிட்டு வாட்டி" என்றான் கொஞ்ச தூரம் போன பிறகு. "உறக்கம் வந்துரும்."

"என்னத்தப் பேச?"

தென்மலைக்கு முந்தைய பெரிய வளைவில் கியரைக் குறைத்து, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினான். ரோடு நேரானதும் அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"இப்பப் பாத்தியா?"

"இல்ல."

"பாரு."

அவள் குனிந்து கையை விட்டாள். தகரம் குளிர்ந்து கிடந்தது.

"சூடு இல்ல" என்றாள். கையை எடுக்கவில்லை.