என் முதுகுக்குப் பின்னால்

எங்கள் குன்றில் ஊர்த் தலைவர் தேர்தலுக்குச் சீட்டும் பெட்டியும் கிடையாது. போட்டியிடுகிறவர் முன்னால் நிற்பார்; அவரை விரும்புகிறவர்கள் பின்னால் வரிசை கட்டுவார்கள். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சட்டம் இல்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் என் அப்பா இந்த மலைத்தொடருக்கே அதிகாரி. பிறகு அண்ணன் ஊர்த் தலைவர், அவருக்குப் பின் நான். இந்த முறை என்னை எதிர்த்து நின்றவன் பிதாரிஹோ, உருளைக்கிழங்கு மூட்டை சுமந்தவன் மகன்.

மேலே வண்டி ஏறாது. நோயாளியைப் பிரம்புக் கட்டிலில் கிடத்தி, தோளில் சுமந்து ஏரிக்கரைச் சாலைக்கு இறக்குவோம். வீட்டுக்கு ஓர் ஆள் தோள் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அதற்கு ஈடாக ஆடு போகும், தோள் போகாது. அந்தச் சுமக்கும் கூட்டத்துக்குத் தலைவன் பிதாரிஹோ. போன மழையில் என் மனைவி கெந்தாரோ வயிற்று வலியில் துடித்தபோது கட்டிலின் முன்தடி பிடித்தவன் அவன். நான் குடையோடு பின்னால் நடந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் அவன் பெயர்தான்.

"பிதாரிஹோ தோட்டத்துல அவரைக்கொடி எவ்வளவு உசரம் பாத்தீங்களா?" என்பாள்.

பார்த்தேன். உயரம்தான். அதற்காக அவனை வாழ்த்தவா முடியும்?

தேர்தலன்று பள்ளி மைதானத்தில் நிமிர்ந்து நின்றேன். என் பின்னால் செருப்புச் சத்தம் குறைவாக இருந்தது. பக்கத்து வரிசையில் பிதாரிஹோவின் கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்புகளில் ஒன்று கெந்தாரோவுடையது. முப்பது வருடம் கேட்ட சிரிப்பு, தப்பாது.

வட்டார அலுவலகத்திலிருந்து வந்த பெண் எண்ணத் தொடங்கியதும் நான் கையை உயர்த்தினேன்.

"நிறுத்தும்மா! அவன் வரிசையில எதிர்க்குன்று ஆளுங்க நிக்கிறாங்க. எல்லாரும் கலைஞ்சு மறுபடி நிக்கணும்."

"பெரியவரே, எதிர்க்குன்றுக்காரங்க வந்தா அவங்க ஆட்டை யாரு மேய்க்கிறது?" என்றான் பிதாரிஹோ. மைதானமே சிரித்தது.

ஆனாலும் கலைத்தார்கள். யார் யார் எந்தக் குன்று என்று அந்தப் பெண் சரிபார்த்தாள். வெளியாள் ஒருவரும் இல்லை. மறுபடி வரிசை கட்டச் சொன்னாள்.

இந்த முறை என் முதுகுக்கு மிக அருகில் ஒருத்தி வந்து நின்றாள். சோப்பு வாசனை என் வீட்டுடையது.

"உன்னை யாரு கூப்பிட்டா? அங்கேயே போய் நில்லு," என்றேன், தலையைத் திருப்பாமல். "பரிதாபப்பட்டு எனக்கு யாரும் ஓட்டுப் போட வேணாம்."

"பரிதாபமா? உங்க மேலயா?" என்றாள் கெந்தாரோ. "அங்க ஒரே வெயில். இங்க மர நிழல் இருக்கு. ஆளும் கம்மி."

"அப்போ அவன் ஜெயிக்கட்டுமா?"

"ஜெயிச்சுட்டாருங்க. எண்ணவே வேணாம், திரும்பிப் பாருங்க."

நான் திரும்பவில்லை. எண்ணினார்கள். தோற்றேன்.

பிதாரிஹோ கைகொடுக்க வந்தான். கொடுத்தேன், அப்பாவும் கொடுத்திருப்பார். அவன் என்னைத் தாண்டி என் மனைவியைப் பார்த்து, "வயிறு இப்ப எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டான்.

"அவ நல்லா இருக்கா," என்றேன், அவள் வாய் திறக்கும் முன்.