கொட்டுக்குக் காணம்

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் கிடையாது. வினோஜின் லாயத்துக்கு எதிரே ஒரு கல்யாண வீடு. மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த சிங்காரி மேளக்காரர்கள் தெருவில் நின்று கொட்ட ஆரம்பித்ததும், லாயத்துக்குள் நின்ற வெள்ளைக் குதிரை முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கி ஆடியது. தாலி கட்ட வந்தவனை விட்டுவிட்டுக் கூட்டம் லாயத்து வாசலுக்கு ஓடியது. சாயங்காலத்துக்குள் கீரிப்பாறை எஸ்டேட் பஸ்ஸில்கூட அதைப் பார்த்துச் சிரித்தார்களாம்.

வினோஜின் மனைவி சுனிதா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு குதிரையின் கழுத்தில் கை வைத்தாள். உடம்பெல்லாம் வியர்வையில் தெப்பலாக நனைந்திருந்தது. மேளம் நின்று வெகுநேரமாகியும் தோல் துடித்துக்கொண்டே இருந்தது. இடது முன்னங்கால் முட்டுக்குக் கீழே வீங்கிச் சுட்டது. சந்தோஷத்தில் ஆடுகிற எதுவும் இப்படி நடுங்காது என்று அவளுக்குத் தோன்றியது.

வினோஜ் மஸ்கட் வேலையை விட்டு வந்த பிறகு, கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவதற்காக அந்தக் குதிரையை வாங்கியிருந்தான். விற்றவன் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவன். மாப்பிள்ளைமாரையே சுமந்து நடந்ததால் அதன் பெயரும் மாப்ளை. சுனிதா அந்த விற்றவனுக்கு போன் போட்டு, ஆட எப்படிப் பழக்கினீர்கள் என்று கேட்டாள். அவன் பெருமையாகவே சொன்னான். மேளம் கேட்கும்போதெல்லாம் முன்னங்காலில் கம்பால் ஒன்று போட வேண்டும். காலைத் தூக்கினால் அடி இல்லை. கொஞ்ச நாளில் கம்பு வேண்டாம், மேளமே போதும். அவள் போனை வைத்துவிட்டாள். வாயைத் திறந்திருந்தால் மறுமுனையில் இருந்தவன் காது புண்ணாகியிருக்கும்.

மாட்டு டாக்டர் வந்து காலைத் தடவிப் பார்த்தார். சவ்வு கிழியும் நிலையில் இருக்கிறது, மெல்ல நடக்கலாம், இன்னொரு தடவை அப்படி ஆடினால் கால் போய்விடும் என்றார். நடக்க முடியாத குதிரையை என்ன செய்வார்கள் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

மறுநாளே தங்கப்பன் வந்துவிட்டார். கடைவீதியில் சிமெண்டுக் கடை, கொடைத் திருவிழா நடத்தும் அம்மன் கோயில் கமிட்டித் தலைவர், போதாக்குறைக்கு சுனிதாவுக்குத் தாய்மாமா.

"கொடைக்கு எனக்க ஊர்வலத்துல முன்னால மாப்ளை ஆடணும் மக்கா. வினோஜ் சம்மதிச்சாச்சு," என்றார்.

"அது ஆட்டமில்ல மாமா. பயமாக்கும். காலும் போயிரும், டாக்டர் சொல்லியாச்சு."

"அம்மனுக்கு முன்னால ஆடுற காலு போவுமா? வீடியோ பாத்து நாகர்கோயில்லேந்து ஆளு வருது. பெறவு ஒண்ணு, லாயம் நிக்குது கோயில் நெலத்துல. ஞாபகம் இருக்கட்டு."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் அவர் வீட்டிலிருந்தே எடுத்து வந்திருந்தார். சுனிதா வினோஜைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். ஊரில் அவனை யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கமிட்டித் தலைவர் முதன்முதலாக வீடு தேடி வந்திருக்கிறார், அவன் பாவம் உருகிப் போயிருந்தான்.

"கொண்டு வாறேன் மாமா," என்றாள் சுனிதா. "கொண்டு வருவேன்னு மட்டுந்தான் சொல்லுகேன்."

தங்கப்பன் அந்தப் பேச்சின் பிற்பாதியைக் காதில் வாங்கவில்லை. நல்ல பிள்ளை என்று அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்கே அவள் வேலையைத் தொடங்கினாள். போனில் சிங்காரி மேளத்தைப் பிடித்து, சத்தத்தைக் குறைத்து, துவர்த்துத் துண்டில் சுற்றி, கவிழ்த்த வாளிக்கு அடியில் வைத்தாள். கொசு ரீங்காரம் போலத்தான் கேட்டது. அதற்கே மாப்ளையின் காது பின்னால் மடிந்தது. உடனே வேகவைத்த காணத்தைக் கைநிறைய அள்ளி வாயருகே நீட்டினாள். கொள்ளு என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லும் அந்தக் காணத்துக்கு மாப்ளை உயிரையே விடும். மேளம் நின்றது, காணமும் நின்றது. மறுபடி மேளம், மறுபடி காணம். லாயத்தில் கம்பு என்று ஒரு குச்சிகூட இல்லாமல் பொறுக்கி வெளியே எறிந்தாள்.

"ஏட்டி, குதிரைக்கு டியூசனா எடுக்க?" என்றான் வினோஜ்.

"பின்ன? ஒருத்தன் அடிச்சுப் படிப்பிச்சத அழிக்காண்டாமா?"

போனைத் துவர்த்திலிருந்து எடுத்தாள். வாளியை எடுத்தாள். சத்தத்தைக் கூட்டினாள். சில நாள் அவசரப்பட்டு அதிகமாகக் கூட்டிவிட்டு, கால் மேலே எழுவதைப் பார்த்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஷாஜனின் பாட்டுப் பெட்டியை இரவல் வாங்கி லாயம் அதிர வைத்த அன்று, மாப்ளை காலைத் தூக்கவில்லை. கழுத்தைத் திருப்பி அவள் மடியை முகர்ந்தது. அவள் அதன் நெற்றியில் முகத்தை வைத்து அழுதாள். ஆனாலும் பெட்டிச் சத்தம் வேறு, நெஞ்சுக்கு நேரே நின்று கொட்டும் மேளம் வேறு. அந்தப் பயம் அவளை விடவில்லை.

கொடையன்று மத்தியானமே கோயில் வாசலில் நிற்க இடமில்லை. சுனிதா முந்தானையில் காணத்தை முடிந்துகொண்டு, தலைக்கயிற்றைப் பிடித்து நடத்தி வந்தாள். கூட்டம் வழிவிட்டு வட்டமாக நின்று போன்களை உயர்த்தியது. தங்கப்பன் பட்டுச் சால்வையோடு கையைக் காட்டினார். மேளத்தில் முதல் அடி விழுந்தது.

மாப்ளையின் உடம்பு ஒரு தடவை உதறியது. இடது முன்னங்கால் எழுந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. எல்லாம் போச்சு என்று நினைத்தபடியே சுனிதா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். கால் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. மாப்ளை கழுத்தைத் திருப்பி அவள் மடிக்குள் மூஞ்சியை விட்டு, ஆற அமரக் காணம் தின்ன ஆரம்பித்தது.

மேளக்காரர்கள் இன்னும் ஓங்கிக் கொட்டினார்கள். மாப்ளை இன்னும் நன்றாகத் தின்றது.

"ஏன் ஆடல்ல?" தங்கப்பன் முகம் சிவந்துவிட்டது.

"அது இனிமே ஆடாது மாமா. கொட்டு கேட்டா காணம்னு படிச்சாச்சு."

"ஊரு முன்னால என்னைய நாணங்கெடுக்கவா கொண்டு வந்த?" கூட்டத்தை ஒதுக்க நின்ற ஆளிடமிருந்து கம்பைப் பிடுங்கினார். கம்பைக் கண்டதும் மாப்ளை மெல்லுவதை நிறுத்தியது. காதுகள் மடிந்தன, பின்பாகம் இறுகியது.

சுனிதா கம்புக்கும் குதிரைக்கும் நடுவில் போய் நின்றாள். "அடியுங்க மாமா. கொட்டுக்கு என்ன செய்யணும்னு படிப்பிச்சிட்டேன். கம்புக்கு என்ன செய்யணும்னு இன்னும் படிப்பிக்கல்ல. கடிக்குமோ ஒதைக்குமோ, எனக்குத் தெரியாது. நான் இந்த எடத்த விட்டு மாறவும் மாட்டேன்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். தங்கப்பன் குதிரையின் பின்னங்கால்களைப் பார்த்தார். கம்பு தானாகத் தாழ்ந்தது.

"லாயத்த காலி பண்ணிரு," என்றார்.

"பண்ணுகேன். கடப்புறத்துல ஒரு குதிரை நிக்க எடமா இல்ல?"

கயிற்றைப் பிடித்துத் திரும்பினாள். வந்த வழியே, மேளத்துக்கு நடுவே, மாப்ளை அவள் பின்னால் நடந்தது. ஆட்டமில்லாத வெறும் நடை. அப்போதுதான் ஊர் அதைக் கண்டது. ஒவ்வொரு அடிக்கும் இடது காலை ஊன்ற முடியாமல் ஊன்றி, தலையை ஆட்டி ஆட்டி அது நொண்டியது. வரும்போதும் இருந்த நொண்டல்தான், ஆட்டத்துக்குக் காத்திருந்த கண்களில் படவில்லை. மேளம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. ஓரத்தில் நின்ற வினோஜ் அந்தக் காலையே பார்த்தான். பிறகு வந்து, அவள் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டான்.

உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாக இறங்குவதை சுனிதா பார்த்தாள். நின்றாள்.

"போனை ஏன் தாத்துகிய? அன்னைக்கு ஆடினத எடுத்தியளே," என்றாள். "இதையும் எடுங்க."

ஒருவரும் எடுக்கவில்லை.