அக்கா பூசிய முகம்

இரண்டாவது முறையாக என் வலது நுரையீரல் சுருங்கியது, ஒரு தும்மலுக்கு. விலாவுக்குள் குழாய், கட்டிலடியில் கொப்பளிக்கும் பாட்டில். இந்தக் கோலத்திலும் அக்கா தினமும் வந்து என் முகத்துக்கு பவுண்டேஷன் பூசினாள். அழகு நிலையம் நடத்துகிறவள். டாக்டர்கள் வார்டைச் சுற்றி வருவதற்குள் வேலையை முடித்துவிடுவாள்.

"குழாய் தெரிஞ்சா பரவால்லடி. மூக்கு தெரியக் கூடாது."

மூக்கிலும் கன்னத்திலும் குண்டூசித் தலையளவு வெளிறிய பருக்கள். அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போன ஒரே சொத்து.

அன்று நுரையீரல் டாக்டர், என்னைவிடச் சின்னப் பெண், ஸ்கேன் படத்தோடு வந்தார். நுரையீரலின் அடிப்பகுதி முழுக்கக் காற்றுக் குமிழிகளாம்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி சுருங்கியிருக்கா?"

"சித்தப்பாவுக்கு," என்றேன்.

"அவர் ஊதாத சிகரெட்டா?" என்றாள் அக்கா. "அதுக்குப் போய் பரம்பரையை இழுக்காதீங்க டாக்டர்."

"சிறுநீரகத்துல கட்டி?"

அப்பா அதில்தான் போனார். அக்கா என் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன்.

"முகத்துல சின்னச் சின்னதா பரு?" டாக்டர் என்னை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் காணோம். இது மூணும் சேர்ந்தா ஒரு அபூர்வமான பரம்பரை நோயா இருக்கலாம். கூடப்பிறந்தவங்களையும் பாக்கணும். கட்டியைச் சின்னதுலயே பிடிச்சிடலாம்."

"எங்க வீட்ல எல்லாருக்கும் வழுவழுன்னு முகம்," என்றாள் அக்கா.

முப்பது வயதில் அந்தப் பருக்கள் முளைத்தபோது அவள் கண்ணாடியைத் துணி போட்டு மூடினாள். பிறகு எனக்கும் வந்தது. அவளுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி, எனக்கும்தான். ஒருத்திக்கொருத்தி துணை கிடைத்ததே.

ஈரத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தேன்.

"அடிப்பாவி. அரை மணி நேர வேலை."

டாக்டர் குனிந்து என் மூக்கைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவின் பக்கம் திரும்பினார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? எனக்கு நல்லா மூச்சு வருது."

"அப்பாவுக்கும் நல்லாத்தான்க்கா வந்துச்சு," என்றேன்.

அக்கா என்னை முறைத்தாள். கைப்பையை மார்போடு இறுக்கி அணைத்துக்கொண்டாள். இவ்வளவு பயம் அவளுக்குள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. டாக்டர் அந்த ஈரத் துண்டை அவளிடம் நீட்டினார்.

"அது உதவாது. இவளுக்குப் போட்டது மட்டமான சரக்கு. என்னோடது தண்ணிக்கெல்லாம் போகாது."

கைப்பையைத் துழாவி, பூச்சைக் கலைக்கும் எண்ணெய்ப் புட்டியையும் பஞ்சையும் எடுத்தாள்.

"கதவைச் சாத்துங்க டாக்டர்."