பின்பக்கம் காலி

அந்தத் துப்பாக்கி சுடுகிறவனின் தோளை உதைக்காது. அதுதான் அதன் பெருமை. அதை உருவாக்கியவர்கள், தோளை உதைக்க வேண்டிய நெருப்பையெல்லாம் பின்பக்கமாகத் திறந்துவிட்டார்கள். தோள் தப்பியது, பின்னால் நிற்கிறவன் கதி அதோகதி. அதனால் குண்டு செருகுகிறவன் திரும்பிப் பார்த்து, "பின்னால காலி" என்று குரல் கொடுத்த பிறகுதான் சுட வேண்டும். நாளடைவில் அது வெறும் "காலி" என்று சுருங்கிவிட்டது.

சுடுகிறவன் மூத்தவன். குண்டு செருகுகிறவன் அவன் மனைவியின் தம்பி. குண்டுப் பெட்டி சுமப்பவன் மூத்தவனின் சொந்தத் தம்பி. கழுத்து நீளம் என்பதால் அவனுக்குப் பட்டப்பெயர் ஒட்டகம்.

"பேருதான் ஒட்டகம். அரை மணி நேரம் தண்ணியில்லாம தாங்க மாட்டான்" என்பான் மச்சான்.

"உங்கக்கா சமையலைத் தின்னு வளர்ந்தவன்டா நான். உப்பு அப்படி!" என்பான் ஒட்டகம்.

அன்று இடிந்த பள்ளிக்கூடத்துச் சுவரோரம் மூவரும் இருந்தார்கள். தெருமுனையில் கவச வண்டி திரும்பியது. மூத்தவன் குறிபார்க்கும் கண்ணாடியில் கண்ணை வைத்தான். முந்தைய வெடிகளில் காது பாதி அடைத்திருந்தது. பக்கத்திலிருந்த மச்சானின் குரல் மட்டும் கேட்டது.

"காலி!"

விசையை அழுத்தினான்.

வண்டி தீப்பிடித்தது. திரும்பினால், தம்பி பெட்டியோடு சுவரடியில் கிடந்தான். எத்தனை கூப்பிட்டும் கண் திறக்கவில்லை.

மச்சான் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு கதறினான். "தண்ணி இருக்கான்னு கேட்டுக்கிட்டே வந்தான் மாமா. கேனைத் தூக்கிப் பாத்துட்டு காலின்னுட்டேன். கடைசியா கேட்டது, ஒரு வாய் தண்ணிகூட இல்லாமப் போச்சே!"

மூத்தவன் அந்தக் காலிக் கேனைப் பார்த்தான்.

மச்சான் சட்டென்று நிமிர்ந்தான். "நான் இன்னும் திரும்பிக்கூடப் பாக்கலையே. நான் சொல்றதுக்குள்ள ஏன் சுட்டீங்க?"

அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், உறைத்துவிடும். அப்புறம் ஆயுசுக்கும் அவன் மனுஷனாக இருக்க மாட்டான்.

"வண்டி தப்பிச்சிடும்னு... அவசரப்பட்டுட்டேன்டா."

"கூடப் பொறந்தவன், மாமா!"

"ஆமா."

"உங்கம்மாகிட்டயும் இதையேதான் சொல்லப் போறீங்களா?"

"இதையேதான்."

உடலைத் தூக்கும்போது மூத்தவன் தம்பியின் கால்பக்கம் குனிந்தான்.

"நீங்க தொடாதீங்க" என்றான் மச்சான்.

மூத்தவன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டான்.