நான் தூக்கிப் போட்ட ஆன்டெனாக்கள்

என்னை மாதிரி ஒரு மடச்சியை இந்த ஒரகடம் பார்த்திருக்காது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்துவிட்டு மூன்று வருஷமாகத் தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு சோதிக்கிறேன். வானியல் பேராசிரியை லீலா மேடத்தின் ஆராய்ச்சித் திட்டத்தில் இடம் கிடைத்தால் லைனை விட்டுப் போய்விடலாம். அதற்கு ஒரே பரீட்சை. பல ஆன்டெனாக்கள் சேர்ந்த ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த தகவலைச் சுத்தம்செய்து, ஒரு கேலக்ஸியின் மையத்திலிருந்து ஜெட் என்கிற நீளத் தாரை பீறிடுகிறதா என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். ஹேமந்த் என்ற இன்னொருவனுக்கு வேறொரு கேலக்ஸி. இன்று மாலை ஐந்து மணிக்குள் எங்கள் இருவரில் ஒருவர் பெயரை மேடம் போர்ட்டலில் ஏற்றியாக வேண்டும்.

என் படத்தில் வெறும் புள்ளிதான் இருந்தது. முதல் ஷிஃப்ட் முடிந்து பென்னலூர் அறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் காரணம் உறைத்தது. சூப்பர்வைசர் பாண்டுரங்கன் லைனில் தினமும் கத்துவார்: "டவுட்டா இருக்குதா? யோசிச்சுகினு நிக்காத, தூக்கிப் போடு!" கை அதற்கே பழகிவிட்டது. தூரத்து ஆன்டெனாக்களின் தகவல் இரைச்சலாகத் தெரிந்ததால் போன வாரம் அத்தனையையும் தூக்கிப் போட்டிருந்தேன். ஜெட் மாதிரி மெல்லிய சங்கதி அந்தத் தூரத்து ஆன்டெனாக்களில்தான் பிடிபடும். லேப்டாப்பில் இடமில்லை என்று மூலக் கோப்பையும் அழித்திருந்தேன். நாசமாய்ப் போச்சு!

மறுபடி பன்னிரண்டு ஜிபி இறக்க வேண்டும். ஷிஃப்ட் விட்ட நேரம், ஊரே ரீல்ஸ் பார்க்கிறது, டவர் திணறியது. அறைத்தோழி தங்கமாரி சிக்னலுக்காகத் தன் போனையும் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டாள்.

"ஏட்டி, எம்புட்டு ஆச்சு?"

"நாப்பது சதவீதம்."

"வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்டை போடுதேன்னு வேண்டிக்கோ."

"ஒனக்கும் சேத்து வேண்டுதேன், சும்மா இரிட்டி!"

நாலரைக்கு அறுபத்தொன்று. தங்கமாரி பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல் வாய்விட்டு அழுதேன். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது மேடம் கூப்பிட்டார்.

"முத்துச்செல்வி, ஜெட் இருக்கா, இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அதுவும் ஒரு முடிவுதான், புள்ளிப் படமும் கையில் இருக்கிறது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் வாய் வரவில்லை.

"தெரியல மேடம். நான்தான் தப்பா வெட்டிட்டேன். திரும்ப இறக்கிக்கிட்டிருக்கேன். ரெண்டு மணி நேரம் குடுங்க மேடம், ஒங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன்."

"போர்ட்டல் அஞ்சு மணிக்கு மூடிடும்மா. என் கையில இல்ல." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "ஹேமந்த் பேரைப் போடறேன்."

ஏழு மணிக்குப் படம் வந்தது. புள்ளியின் ஒரு பக்கத்திலிருந்து நீளமாகக் கிளம்பி, நடுவில் லேசாக வளைந்து, ஜெட். சந்தேகமே இல்லை. தங்கமாரி கை தட்டினாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். படத்தை மேடத்துக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"ரொம்ப அருமையா வந்திருக்கு. இனிமே இதை ஹேமந்த் பாத்துப்பான். கோப்பு எல்லாத்தையும் அவனுக்கு அனுப்பிடு."

இப்போது டவர் நன்றாக இருந்தது. அரை மணி நேரத்தில் எல்லாம் போய்விட்டது.